முதல் பவளத்துக்கு முன் ஒரு புத்தகம்

வீட்டில் பவளத் தொட்டி வைக்க ஆசைப்படும் நண்பர்களுக்கு,



சென்னை கொளத்தூர் மீன் கடைத் தெருவில் கோமாளி மீனைப் பார்த்துவிட்டுக் கடல்நீர்த் தொட்டிக் கனவோடு வீடு திரும்பியவர்களுக்கும், சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ டொராண்டோவிலோ நீல விளக்கின் கீழ் பச்சையும் ஊதாவுமாக மின்னும் பவளத் துண்டுகளை விட்டு நகர மனமில்லாமல் நின்றவர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு: "புதிதாகத் தொடங்குபவருக்குப் புரிகிற மாதிரி, விலையும் கட்டுப்படியாகிற மாதிரி, பவளம் வளர்ப்பது பற்றி ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்." இதைக் கேட்பவர் தொட்டி வாங்குவதற்கு முன்பே படிக்க நினைக்கிறார். பலர் அப்படிச் செய்வதில்லை. தொட்டி, விளக்கு, பம்பு எல்லாவற்றையும் வாங்கி, தண்ணீரை நிரப்பி, உயிர்களையும் இறக்கிவிட்டு, அவை ஒவ்வொன்றாகச் சுருங்கத் தொடங்கிய பிறகுதான் காரணம் தேடுகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1997க்கும் 2008க்கும் இடையே வந்த நல்ல ஆங்கில நூல்களில் ஒன்றின் பழைய பிரதி உங்களுக்குப் போதும். பளபளப்பான புதுப் புத்தகத்துக்குப் பெருந்தொகை செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் அதில் எந்த அத்தியாயத்தை நம்பலாம், எதைக் கடந்து போகலாம் என்று தெரிந்து படிக்க வேண்டும். இந்த மடல் அதற்காகத்தான்.

காணொளிகள் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று சிலர் கேட்கிறீர்கள். காணொளியில் நீங்கள் பார்ப்பது முடிந்துபோன தொட்டியை. ஓராண்டு வளர்ச்சி ஒரு நிமிடத்தில் ஓடி முடிகிறது. நடுவில் செத்தவை கணக்கில் வருவதில்லை. ஒன்றில் ஒருவர் சொல்வதை அடுத்ததில் இன்னொருவர் மறுப்பார். இரண்டில் எது சரி என்று எடைபோடும் அடிப்படை தொடக்கக்காரரிடம் இருக்காது. நல்ல புத்தகம் அந்த அடிப்படையைத்தான் தருகிறது. ஒரே ஆசிரியர் தண்ணீரில் தொடங்கி, பாறை, விளக்கு, நீரோட்டம், உயிர், நோய் என்று வரிசையாகக் கொண்டுபோகிறார். அதைப் படித்த பிறகு காணொளி பாருங்கள், அதுவும் பயன்படும்.

விலையைப் பற்றியும் தெளிவாகப் பேசிவிடலாம். பழைய பிரதி ஒன்றின் விலை பெரும்பாலும் ஒரு வாளி உப்பு மிக்ஸின் விலையைத் தாண்டாது. உப்பை நீங்கள் திரும்பத் திரும்ப வாங்குவீர்கள். புத்தகத்தை ஒரு முறைதான் வாங்குவீர்கள். அந்தப் புத்தகம் நீங்கள் வாங்கக் கூடாத ஒரே ஒரு பவளத்தை வாங்கவிடாமல் தடுத்தால்கூடப் போட்ட பணம் திரும்பிவிட்டது. ஓர் உயிரும் மிஞ்சியிருக்கிறது.

எந்தப் புத்தகம் என்று சொல்வதற்கு முன், அதில் என்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம். பவளம் ஒரு விலங்கு. கல் பவளத்தின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய சதை, நூற்றுக்கணக்கான சிறு பாலிப்புகளின் கூட்டம். அந்தச் சதைக்குள் சூசாந்தெல்லா என்ற நுண்பாசி குடியிருக்கிறது. பாசி ஒளியில் உணவு தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் அதற்கு இடமும் தன் கழிவிலிருந்து உரமும் கொடுக்கிறது. அடியில் சுண்ணாம்பு எலும்புக்கூடு வளர்கிறது. ஆக, ஒரே உயிருக்குள் பாசிக்கு வெளிச்சம் வேண்டும், விலங்குக்கு இரை வேண்டும், எலும்புக்குச் சரியான தண்ணீர் வேண்டும். இந்த மூன்றையும் முதல் சில அத்தியாயங்களிலேயே விளக்காமல் இனப்பட்டியலுக்குத் தாவும் புத்தகம் படம் பார்க்க நன்றாக இருக்கும். பவளம் வளர்க்க உதவாது.

ஒரு புத்தகம் கையில் கிடைத்தால், வாங்குவதற்கு முன் நான்கு இடங்களைத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

முதலாவது, நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவில் காரத்தன்மை என்ற சொல்லைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஆல்கலினிட்டி என்று இருக்கும். கடல்நீரில் கால்சியம் சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு); காரத்தன்மை, அதை அளக்கும் அலகில், சுமார் 7 டி.கே.ஹெச்.; மெக்னீசியம் 1,300 பி.பி.எம். அளவில் இருக்கும். பவளம் எலும்பு கட்டும்போது 20 பி.பி.எம். கால்சியத்தோடு 2.8 டி.கே.ஹெச். காரத்தன்மையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. கணக்கைப் பாருங்கள்: கால்சியம் 420லிருந்து 400க்கு இறங்கியிருக்கும், அதைச் சோதித்தவர் கவலைப்படவே மாட்டார். அதே நேரத்தில் காரத்தன்மை 7லிருந்து 4.2க்கு விழுந்திருக்கும், பவளம் தடுமாறிக்கொண்டிருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் அடிக்கடி சோதிப்பது காரத்தன்மையை. இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று உங்கள் புத்தகம் விளக்குகிறதா? "கால்சியம் மருந்து ஊற்றுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டால் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, டென்ட்ரோனெஃப்தியா என்ற மென்பவளத்தின் பக்கத்தைத் திறங்கள். கடைக்காரர்கள் கார்னேஷன் பவளம் என்பார்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும். அதன் உடலுக்குள் பாசி கிடையாது. ஓடும் நீரில் இடைவிடாமல் வரும் நுண்ணிய இரையைப் பிடித்தே பிழைக்கிறது. நீங்கள் எவ்வளவு விலையுயர்ந்த விளக்கைப் போட்டாலும் அதற்குப் பயனில்லை. சாதாரண வீட்டுத் தொட்டியில் அது வாரக்கணக்கில் சுருங்கிச் சுருங்கிப் பட்டினியில் சாகும். இதை நேர்மையாகச் சொல்லி "வாங்காதீர்கள்" என்று எழுதும் ஆசிரியரை நம்பலாம். "ஓரளவு கடினம், மிதமான வெளிச்சம் போதும்" என்று எழுதியிருந்தால், மற்றப் பக்கங்களிலும் அதே பொறுப்பின்மைதான் இருக்கும்.

மூன்றாவது, கோனியோபோரா. ஃப்ளவர்பாட் என்று விற்பார்கள். நீண்ட தண்டுகளின் நுனியில் பாலிப்புகள் ஆடும். ஒரு பாலிப்பைக் கூர்ந்து பார்த்து உணர்கொம்புகளை எண்ணினால் 24 இருக்கும். 12 மட்டும் இருந்தால் அது கோனியோபோரா அல்ல, ஆல்வியோபோரா. இரண்டையும் இப்படிப் பிரித்துக் காட்டும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். அதை எழுதியவர் உயிரை அருகில் இருந்து பார்த்தவர். பழைய புத்தகங்கள் கோனியோபோராவை அநேகமாகச் சாகப்போகும் உயிராகவே எழுதின; அக்காலத்தில் அது தொட்டியில் ஓராண்டைத் தாண்டுவதே அரிது. இன்று நல்ல இரையூட்டலாலும், தொட்டியிலேயே வளர்த்துப் பெருக்கிய துண்டுகளாலும் நிலைமை மேம்பட்டிருக்கிறது. டென்ட்ரோனெஃப்தியா பக்கம் ஆசிரியரின் நேர்மையைச் சொல்லும் என்றால், கோனியோபோரா பக்கம் புத்தகத்தின் வயதைச் சொல்லிவிடும்.

நான்காவது, சோவாந்தஸ், பாலிதோவா பற்றிய பக்கம். தொடக்கக்காரருக்கு ஏற்ற பவளங்கள் என்று எல்லோரும் கைகாட்டும் கூட்டம் இது. அழகு, மலிவு, எளிதில் சாகாது. ஆனால் இவற்றில் சிலவற்றின் உடலில் பாலிடாக்சின் இருக்கிறது. 1971ல் ஹவாய்ப் பாலிதோவா ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு, இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. பாலிதோவா ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போட்டு, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள், பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள், காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள் என்று உங்கள் புத்தகம் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்காவிட்டால் இந்த மடலின் இந்தப் பத்தியை வெட்டி அந்தப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, வயது. பழைய புத்தகம் வாங்கச் சொல்கிறேன் என்பதால் இதை விளக்க வேண்டும். பவளத் தொட்டி உத்தி தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துத் தொட்டியை நடத்தி, அதைப் பற்றி 1961ல் ஆங்கில இதழில் எழுதினார். அப்போது பெரும்பாலோர் அதைக் கவனிக்கவில்லை. 1970களில் ஐரோப்பாவில் பீட்டர் வில்கன்ஸ், நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒருசேர நிரப்பும் முறையைப் பரப்பினார். பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபரும் அவர் வட்டத்தினரும் உயிர்ப்பாறை, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், வலுவான விளக்கு ஆகிய மூன்றையும் இணைத்தார்கள். அது பெர்லின் முறை என்றே பெயர் பெற்றது. 1986ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகள் தண்ணீர் சொட்டி இறங்கும் வடிகட்டியைப் பிரபலமாக்கின. பிளாஸ்டிக் பந்துகள் நிறைந்த பெட்டிகள் எல்லா வீட்டிலும் வந்தன. 1990களில் பெர்லின் முறை அங்கேயும் வென்றது.

இந்த வரலாறு உங்களுக்கு எதற்கு என்றால், பதிப்பு ஆண்டைப் பார்த்ததுமே புத்தகம் எந்தக் காலத்து உத்தியைச் சொல்லும் என்று ஊகிக்கலாம். 1980களின் நூல் மணலுக்கு அடியில் வடிகட்டி வைக்கச் சொல்லும். அதை வரலாறாகப் படியுங்கள். 1997க்குப் பிறகு வந்தவை உயிர்ப்பாறையும் ஸ்கிம்மரும் நீரோட்டமும் பற்றிப் பேசும். அவை இன்றும் செல்லும். விளக்கு அத்தியாயம் மட்டும் மெட்டல் ஹாலைடையும் குழல் விளக்கையும் சுற்றியே இருக்கும். இப்போது நம் கையில் இருப்பது எல்.இ.டி. எனவே அந்த அத்தியாயத்தில் எந்தப் பவளத்துக்கு அதிக ஒளி, எதற்குக் குறைந்த ஒளி என்பதை எடுத்துக்கொண்டு, எத்தனை வாட் என்பதை விட்டுவிடுங்கள்.

பெயர்களும் மாறியிருக்கின்றன. கடையில் ஹாமர் என்று விற்கும் பவளத்தைப் பழைய நூல்களில் யூஃபில்லியா என்ற பேரினத்தில் காண்பீர்கள். இன்று அது ஃபிம்பிரியாஃபில்லியா. ஆக்கன் என்று செல்லமாகச் சொல்லப்படும் பவளம் அன்று அக்காந்தாஸ்ட்ரியா; 2016 முதல் மைக்ரோமுஸ்ஸா. பெயர் மாறினாலும் வளர்ப்பு முறை மாறவில்லை. புத்தக ஓரத்தில் பென்சிலால் புதுப் பெயரை எழுதிவைத்தால் முடிந்தது.

இனி, புத்தகங்கள்.

தொட்டி அமைப்பதையே அறியாதவர் என்றால் மைக்கேல் பலெட்டாவின் 'தி நியூ மெரைன் அக்வேரியம்' நூலில் தொடங்குங்கள். 1999ல் வந்தது. மெலிந்த புத்தகம், எளிய ஆங்கிலம், படிப்படியான விளக்கம். பவளத்துக்கென்றே எழுதப்பட்டதல்ல, ஆனால் உப்பு கலப்பதிலிருந்து, தண்ணீரில் அமோனியா ஏறி இறங்கும் அந்த முதல் வாரங்களைப் பொறுமையாகக் கடப்பது வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். இவ்வகை நூல்களில் பழைய பிரதி மலிவாகக் கிடைப்பதும் இதுதான். ஜான் டல்லக்கின் 'நேச்சுரல் ரீஃப் அக்வேரியம்ஸ்' 1997ல் வந்தது. கருவிகளைக் குறைத்து, இயற்கையின் ஒரு சிறு வாழிடத்தைத் தேர்ந்து அதற்கேற்ற உயிர்களை மட்டும் வைக்கச் சொல்லும் நூல். செலவைச் சுருக்க நினைப்பவருக்கு அதன் மனப்பாங்கு பிடிக்கும். ராபர்ட் ஃபென்னரின் 'தி கான்சியன்ஷியஸ் மெரைன் அக்வாரிஸ்ட்' 1998ல் வந்து, 2008ல் திருத்தப்பட்டது. எந்த உயிரை வாங்கக் கூடாது என்பதை மனசாட்சியோடு பேசும் நூல்.

பவளத்துக்கென்றே ஒரு நூல் வேண்டும் என்றால் எரிக் போர்ன்மனின் 'அக்வேரியம் கோரல்ஸ்'. 2001ல் வந்தது, 450 பக்கங்களுக்கு மேல். பவளத்தின் உடல், இரை, இனப்பெருக்கம், ஒன்றை ஒன்று கொட்டிக்கொள்ளும் சண்டை, நோய், தேர்ந்தெடுக்கும் விதம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. பருமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் வாசிப்பில் உயிரியல், தேர்வு, பராமரிப்பு ஆகிய பகுதிகளை மட்டும் படியுங்கள். இனங்களின் பகுதியை வாங்க நினைக்கும் பவளம் எதுவோ அதை மட்டும் திறந்து பாருங்கள். மேலே சொன்ன டென்ட்ரோனெஃப்தியா சோதனையில் தேறும் நூல் இது. ஒரே ஒரு பவள நூல்தான் வாங்க முடியும் என்பவருக்கு என் தீர்ப்பு இதுவே.

கடைக்குப் பையில் கொண்டுபோக ஒரு கையேடு வேண்டும் என்றால் இரண்டு உண்டு. ஜூலியன் ஸ்ப்ரங் 1999ல் எழுதிய 'கோரல்ஸ்: எ குயிக் ரெஃபரன்ஸ் கைடு', ஒவ்வொரு பவளத்துக்கும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நீரோட்டம், எவ்வளவு சண்டைக் குணம், எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று ஒரு பார்வையில் காட்டிவிடும். ரொனால்ட் ஷிமெக்கின் 'மெரைன் இன்வெர்டிப்ரேட்ஸ்' 2004ல் வந்த கைக்கடக்கமான நூல். பவளத்தோடு நத்தை, இறால், நட்சத்திர மீன் முதலியவற்றையும் சொல்லும்.

இப்போதைக்கு வாங்க வேண்டாதவை எவை? ஸ்ப்ரங்கும் சார்ல்ஸ் டெல்பீக்கும் எழுதிய 'தி ரீஃப் அக்வேரியம்' மூன்று தொகுதிகள் 1994, 1997, 2005 ஆண்டுகளில் வந்தவை. அருமையானவை, கனமானவை, விலையும் கனமானது. ஓராண்டு தொட்டி நடத்திய பிறகு படித்தால் ஒவ்வொரு பக்கமும் பேசும். ஜே.இ.என். வெரானின் 'கோரல்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்', 2000ல் வந்த மூன்று பெருந்தொகுதிகள். பவளங்களை அடையாளம் காண உதவும், வளர்க்கக் கற்றுத்தராது. அந்தப் பணியின் இணையப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஆந்தனி கால்ஃபோவின் பவளப் பெருக்க நூல் 2001ல் வந்தது. உங்கள் பவளங்கள் நன்றாக வளர்ந்து, துண்டு போட்டு நண்பர்களுக்குக் கொடுக்கும் நாளில் வாங்குங்கள்.

இந்த நூல்கள் எல்லாம் வேறு தட்பவெப்பத்தில் எழுதப்பட்டவை. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் சில பக்கங்களைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நூல்களில் ஹீட்டர் பற்றி நீளமாக இருக்கும். நமக்குப் பிரச்சினை சூடு. பவளத் தொட்டிக்கு 25, 26 டிகிரி நல்லது. சித்திரை, வைகாசியில் மூடிய அறையில் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சூடு ஏறினால் பவளம் தன் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். பாசி போனால் உணவும் போயிற்று. நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்க முடியாதவர் தண்ணீர்ப் பரப்பின் மேல் மின்விசிறி வைக்கலாம். நீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த நீரைச் சுத்தமான நல்ல நீரால்தான் நிரப்ப வேண்டும், உப்பு நீரால் அல்ல.

அந்த நல்ல நீர் எங்கிருந்து வரும்? பல வீடுகளில் ஆர்.ஓ. கருவி இருக்கிறது. அதன் நீரில், கரைந்திருக்கும் பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பாருங்கள். பல கருவிகளில் 50, 80 என்று காட்டும். குடிக்கச் சுவை வேண்டும் என்று வடிகட்டிய நீரோடு கொஞ்சம் பழைய நீரையோ தாது உப்பையோ திரும்பக் கலக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறது. மனிதருக்கு அது நல்லது. பவளத் தொட்டிக்கு மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் நாள்தோறும் சேர்ந்து கண்ணாடியெங்கும் பாசியாக முளைக்கும். அயனி நீக்கும் பிசின் நிறைந்த குப்பி ஒன்றை ஆர்.ஓ.வுக்குப் பின் இணைத்தால் இது தீரும்.

மின்வெட்டுக்கு ஒரு திட்டம் வையுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு; நீரோட்டம் நின்றால் இன்னும் சீக்கிரம் தீரும். விளக்கு அணைந்தால் பரவாயில்லை. ஒரு பம்பாவது இன்வர்ட்டரில் ஓட வேண்டும். அளவுகளிலும் கவனம் தேவை. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். மருந்தளவைக் கணக்கிடும் முன் புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்று பாருங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பக்கம், எல்லாவற்றிலும் முக்கியமானது: சட்டம். மேலே சொன்ன நூல்கள் "உயிர்ப்பாறை வாங்குங்கள்", "கல் பவளம் ஒன்று வாங்குங்கள்" என்று இயல்பாகச் சொல்லும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் எல்லாக் கல் பவளங்களும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறிகள் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பே இவற்றுக்கும். மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடற்கரையிலிருந்து எடுத்துவந்த செத்த பவளப்பாறையும் இதில் அடங்கும். "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று விற்பவர் சொன்னால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். மற்ற உயிர்களைப் பொறுத்தவரையும் 2022ல் சட்டம் பெரிதாகத் திருத்தப்பட்டிருக்கிறது. வாங்கும் முன் வனத்துறையிடம் கேட்டு, ரசீதும் உரிய தாள்களும் பெற்றுக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: கல் பவளங்கள் அனைத்தும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. எல்லை தாண்ட அனுமதி வேண்டும். உள்ளூர்த் தொட்டியில் வளர்ந்த துண்டையே வாங்குங்கள்.

இந்தக் கட்டுப்பாடு நியாயமானது. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தோம். பிறகு 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. இன்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம், பவளத் துண்டுகளைச் சட்டகங்களில் பொருத்திக் கடலடியில் நட்டு மீட்டெடுக்கும் பணியை 2002 முதல் செய்துவருகிறது. கால்ஃபோவின் நூல் தொட்டிக்குச் சொல்லும் அதே அடிப்படை உத்தி அங்கே கடலுக்குப் பயன்படுகிறது.

அப்படியானால் தமிழ்நாட்டில் இருப்பவர் பவள நூலை ஏன் படிக்க வேண்டும்? செயற்கைப் பாறை வைத்து, பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன் வளர்க்கவும் அதே தண்ணீர் அறிவுதான் தேவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் அந்த மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கித் தந்திருக்கிறது; கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லை. மேலும், பவளம் எப்படி வாழ்கிறது என்று படித்தறிந்தவர் மன்னார் வளைகுடா வெளுக்கிறது என்ற செய்தியைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார். கடலோரம் வாழும் நமக்கு அந்த அறிவு அவசியம்.

படிக்கும் முறை பற்றியும் ஒரு யோசனை. ஒரே மூச்சில் படித்து அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு உப்பு, வெப்பம், காரத்தன்மை, கால்சியம் ஆகிய நான்கு அளவுகளை எழுதிவாருங்கள். எண் மாறும்போது அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திறங்கள். பவளம் வைக்கச் சட்டம் இடம் தரும் ஊரில் இருப்பவர் முதலில் டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்தையோ சார்கோஃபைட்டன் என்ற தோல் பவளத்தையோ வையுங்கள். அது ஆறு மாதம் செழித்த பிறகு, எக்காளம் போன்ற சிறு கிளைகளில் பாலிப் விரியும் காலஸ்ட்ரியாவை யோசிக்கலாம். அது வந்ததும் ஒரு நாள் இரவு, விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு டார்ச்சோடு பாருங்கள். பகலில் உப்பிய சதையாக இருந்த தலைகளின் விளிம்பில் கண்ணாடி போன்ற உணர்கொம்புகள் நீண்டிருக்கும். ஒரு துளி இறால் கூழை அருகே விட்டால் அவை மெல்ல மடங்கி வாய்க்குக் கொண்டுபோகும். புத்தகத்தில் 'இரை' என்ற அத்தியாயத்தில் படித்தது அப்போது முழுதாகப் புரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு போர்ன்மன் பிரதியை வாங்கிச் சுற்றில் விடுங்கள். செலவு ஐந்தில் ஒன்றாகும், படிப்பு ஐந்து மடங்காகும். படித்தவர்கள் உங்கள் ஊர் வெயிலில், உங்கள் ஊர்த் தண்ணீரில் எது நடந்தது என்று தமிழில் எழுதுங்கள். அடுத்துத் தொடங்குபவருக்கு அமெரிக்க ஹீட்டர் அத்தியாயத்தைவிட அது உதவும். உங்கள் ஊர் நூலகத்தில் இந்த நூல்களை வாங்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள், கேட்டால்தான் வாங்குவார்கள்.

புத்தகம் முதலில், தண்ணீர் அடுத்து, பவளம் கடைசியில். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அன்புடன்,
கடல்நீர்த் தொட்டி வளர்க்கும் உங்கள் நண்பன்